தீவனச் சோளத்தின் வயது

நமது குடியானவர்கள் சோளத்தட்டை வண்டிக் கணக்கில் மதிப்பிடுகிறார்களேயன்றி, அதன் வயதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இவ்வழக்கம் இருவகையில் நஷ்டம் விளைவிப்பது என்பது எமது அபிப்பிராயம்.

இளம்பயிரின் தண்டு சாறு நிறைந்து, நகத்தாற் கீறக்கூடியதாயிருக்கும். கதிர் முற்றிய பயிரிலோ, தோலுக்கடியில் நெருங்கி நிற்கும் நார்க்கட்டுகள் தடித்து, அவற்றில் லிக்னின் என்னும் மரப்பொருள் ஏறிவிடுகிறது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் அதனைச் சிதைக்க இயலாது. அதனோடு பிணைந்த நார்ச்சத்தும் பெரும்பாலும் சாணமாகவே கழிந்துவிடும். வண்டி நிறையத் தட்டிருந்தும் மாடு மெலிவது இதனாலேயே. நெருக்கி விதைத்தால் தட்டு மெலிந்து, மாடு கழிக்காமல் தின்னும் என்பதைக் கொங்கு நாட்டார் நன்கறிவர்.

அதுபற்றி இளம்பயிரையே அறுத்துப் போடலாமென்று எண்ணுதல் பெருந்தவறு. 1902ஆம் வருஷம் டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரசாயன சாஸ்திரிகள் எகிப்து தேசத்து இளஞ்சோளத்திலிருந்து துரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பயிரில் இதுவும் இதனைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே அடங்கியிருக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து, ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. தண்டைவிட இலையிலும், முதிர்ந்ததைவிடக் குருத்திலும் இது மிகுதி. வறட்சியிற் குன்றிய பயிரும், தழைச்சத்து உரம் அதிகமாக இடப்பட்ட பயிரும், காய்ந்து கிடந்து மழைக்குப்பின் துளிர்த்த மறுதாம்பும் மிக்க அபாயமானவை. கதிர் வராத பயிரை மாடாவது தின்னட்டும் என்று நாம் அவிழ்த்துவிடுவதோ, மழை தவறிய வருஷத்திலேதான்!

பாதிப் பயிர் பூத்திருக்கும் சமயமே தீவன அறுப்புக்கு உகந்தது. பல அறுப்பு ரகமாகிய கோ.எப்.எஸ். 29க்கு முதலறுப்பு 65 நாட்களிலும், பின்னர் 50 நாட்களுக்கொருமுறையும் வரும். முன்னதாக அறுக்க நேரின், வெயிலில் நன்கு உலர்த்தியே போடல்வேண்டும். நஞ்சு பெருமளவு குறையும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் பங்குண்டு. நஞ்சுண்ட மாடு சில நிமிஷங்களிலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்துவிடும். சோடியம் தயோசல்பேட் முதலிய ஊசி மருந்துகள் இருந்தும், கால்நடை மருத்துவர் வந்து சேருமுன் அது பிழைத்திருப்பது அரிது. ஆகவே வறட்சிக்குப்பின் முதல் மழை பெய்தவுடனேயே, சோளத் துளிர் இடுப்புயரம் வளரும்வரை அக்காடுகளில் கால்நடைகளை விடலாகாதென்று தண்டோராப் போடுவித்தல் நலம்.