சாலைக்கு ஜாமீன் உண்டு, கூலிக்கு?

மாநிலச் சாலைகளின் ஓரத்தில் புல் வெட்டுகிறவர்களிலும் வாய்க்கால் தோண்டுகிறவர்களிலும் நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகள் எழும்பின. பெரட்டுக்குப் போன கால்கள் குத்தகையாளரின் லாரியில் ஏறின. ஆகவே சாலைக் குத்தகையைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் ஏடு எழுதுவானேன் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

சர்க்கார் ஒரு சாலை வேலையைக் குத்தகைக்கு விடும்போது வெறும் வாய்ச்சொல்லை நம்பி விடுவதில்லை. பொதுப்பணி இலாகாவின் வழக்கமான ஒப்பந்தத்தில், குத்தகைத் தொகையில் நூற்றுக்கு 5 வீதத்துக்கு ஜாமீன் கேட்கப்படுகிறது. 20 இலட்சம் வெள்ளி வேலை என்றால் 1 இலட்சம் வெள்ளிக்கு ஒரு பேங்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ பொறுப்பேற்கிறது. குத்தகையாளர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினால், இலாகா பத்திரத்தைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். பொதுமக்களின் வரிப்பணம் அல்லவா?

ஆனால் அதே குத்தகையாளரிடம் இரண்டு மாதக் கூலி பாக்கி நிற்கும் தொழிலாளியின் கதி என்ன? வெயிலில் புல் வெட்டிய பெண்ணின் கதி என்ன? அந்தப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. பேங்கிடம் போய் ஒரு காசு கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. சாலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்ட சர்க்கார், சாலை போட்டவர்களை மறந்துவிட்டது.

இது எங்குமே தீர்க்கப்படாத சிக்கல் அல்ல. ஐக்கிய அமெரிக்காவில், தனியார் கட்டடத்தில் உழைத்துக் கூலி கிடைக்காதவர் அந்தக் கட்டடத்தின் மீதே கடன் பதிவு செய்யலாம். சர்க்கார் சொத்தின் மீது அப்படிச் செய்ய முடியாது. நெடுஞ்சாலையை ஏலம் போட்டா கூலி வாங்குவது? இந்த ஓட்டையை அடைக்க 1894-இல் ஹெர்டு சட்டம் வந்தது. அதில் இருந்தது ஒரே பத்திரம். சர்க்கார் தன் நஷ்டத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு மிச்சம். 1935-இல் வந்த மில்லர் சட்டம் இதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பத்திரம் வேலையை முடிப்பதற்கு. மற்றொன்று, உழைத்தவர்களுக்கும் சாமான் கொடுத்தவர்களுக்கும் பணம் கொடுப்பதற்கு. அது மத்திய அரசாங்க வேலைகளுக்கான சட்டம். மாநிலங்கள் தங்கள் சாலை முதலிய வேலைகளுக்கு அதே மாதிரியில் சட்டங்கள் செய்துகொண்டன. 'குட்டி மில்லர் சட்டங்கள்' என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

மில்லர் சட்டப்படி, உள் குத்தகையாளரிடம் வேலை செய்தவர்கூட, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் பெரிய குத்தகையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஓராண்டுக்குள் வழக்குப் போட்டால், ஜாமீன் பத்திரத்திலிருந்தே பணம் கேட்கலாம். குத்தகையாளர் திவாலானார் என்பது அங்கே சாக்கு ஆகாது. ஜாமீன் நிற்கும் கம்பெனியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதில்லை; கணக்கைப் புரட்டும், கையில் எத்தனை வேலை என்று விசாரிக்கும். பெயர்ப்பலகையும் ஒரு வாடகை லாரியும் மட்டுமே வைத்திருப்பவருக்கு அங்கே வழி கிடையாது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, உள் குத்தகையாளர் கூலி கொடுக்காவிட்டால் அவருக்கு மேலே இருக்கும் குத்தகையாளரும் பொறுப்பு என்கிறது. தோட்டத்தில் களையெடுப்பையும் மருந்தடிப்பையும் குத்தகைக்கு விடும் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஆனால் தொடர்ந்தாற்போல் மூன்று மாதக் கூலிக்கு மேல் கேட்க முடியாது. மேலே இருக்கும் பெரிய குத்தகையாளரே கவிழ்ந்துவிட்டால், கையில் தீர்ப்பு இருக்கும், பணம் இராது. 2012-இல் கட்டுமானத் துறைப் பணப் பட்டுவாடாவுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அது குத்தகையாளர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வதற்கு; மண்வெட்டி பிடித்தவரின் மாதக்கூலிக்கு அல்ல.

கூலிக்கும் ஜாமீன் கேட்டால் செலவு கூடும், சின்னக் குத்தகையாளர்கள் நசுங்குவார்கள் என்பார்கள். சின்ன வேலைகளுக்கு விலக்குக் கொடுக்கட்டும். அமெரிக்கச் சட்டமும் 1935-இல் 2,000 டாலருக்கு மேற்பட்ட வேலைகளுக்குத்தான் பத்திரம் கேட்டது. பெரிய வேலைகளில் செலவு கூடத்தான் செய்யும். இப்போது அந்தச் செலவைத் தொழிலாளியின் அடுப்பல்லவா ஏற்கிறது? மாநில அரசாங்கங்கள் தங்கள் சாலைக் குத்தகைகளில் கூலிக்கென்று தனி ஜாமீன் பத்திரம் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். இதற்குப் பாராளுமன்றத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து போதும்.

அதுவரை இருக்கிற சட்டத்தைக் கைநழுவ விடக்கூடாது. 33-ஆம் பிரிவின்படி, கூலி கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கோ தொழிலாளர் இலாகாவில் புகாரோ போட வேண்டும். மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கையில் வர வேண்டும். ஆகவே ஜனவரிக் கூலிக்கு ஏப்ரல் முடிவதற்குள்ளேயே புகார் போட்டுவிடுங்கள். 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஒரு 555 புத்தகத்தில் வேலை செய்த நாள், இடம், மேஸ்திரி பெயர், லாரி நம்பர், சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் பெரிய குத்தகையாளரின் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார்கள் மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கி எழுதிக் கொடுக்க வேண்டும்.