வரி மாறும் முன்பே கணக்கு சீராகட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடம் கல்லாறு. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. இத்தகைய மலையடிவார ஊர்களில் தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேகளும் உணவகங்களும் மிளகு, ஏலம் விற்கும் கடைகளும் பயணிகளை நம்பியே இயங்குகின்றன. வரி விதி மாறும்போது பெருநிறுவனங்களுக்கு வழிகாட்ட வல்லுநர் குழுக்கள் உண்டு. இச்சிறு வணிகர்களுக்கோ, அவ்வப்போது வந்து செல்லும் கணக்காளர் ஒருவரே துணை. ஆகவே, மாற்றத்தை எதிர்கொள்ளும் ஆயத்தம் அவர்களுடைய கணக்கேட்டிலேயே தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நாளொன்றுக்கு ரூ.3,000 வாடகை பெறும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது அதற்கு வரி 18 விழுக்காடு. 2019 அக்டோபர் 1 முதல் 12 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. இடையே, 2018 பெருவெள்ளத்தின் சீரமைப்புக்காகக் கேரள அரசு விதித்த 1 விழுக்காடு வெள்ள மேல்வரி, 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை நடைமுறையில் இருந்தது. ரூ.900 வாடகை பெறும் எளிய அறையோ 2022 ஜூலை 18 அன்று வரிவிலக்கை இழந்து 12 விழுக்காட்டுக்குள் வந்தது. இப்போது 5 விழுக்காடு. அறை மாறவில்லை, கணக்கு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

வரி குறைந்தால் சுமையும் குறைந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. ரூ.3,000 வாடகைக்கு விருந்தினர் செலுத்திய வரி ரூ.360 இலிருந்து ரூ.150 ஆகக் குறைந்தது உண்மையே. ஆனால், 5 விழுக்காட்டு முறையில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 18 விழுக்காடு வரியுள்ள பொருள்களையும் சேவைகளையும் ஒரு விடுதி ரூ.1,00,000 மதிப்புக்கு வாங்கினால், அதற்குச் செலுத்தும் வரி ரூ.18,000. முன்பு அத்தொகையைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. இன்று அது முழுவதும் விடுதியின் செலவு. இதை உணராமல் பழைய வாடகையையே தொடர்பவர், ஆண்டிறுதியில் இலாபம் குறைந்திருப்பதைக் கண்டு திகைப்பார்.

அடுத்தது, மாற்றம் நிகழும் நாளில் எழும் சிக்கல். 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. மன்றம் முடிவெடுத்தது, 19 நாள்களில் புதிய விகிதம் நடைமுறைக்கு வந்தது. அது ஓணத்துக்கும் பூசை விடுமுறைக்கும் இடைப்பட்ட காலம். ஓணத்தின்போது முழுத்தொகையையும் பெற்றுக்கொண்டு பூசை விடுமுறைக்கு அறை ஒதுக்கியிருந்தால் எந்த விகிதம் பொருந்தும்? தங்கிய நாள், வரிப் பட்டியல் வழங்கிய நாள், பணம் வந்த நாள் ஆகிய மூன்றில் எவ்விரண்டு ஒரே பக்கத்தில் அமைகின்றனவோ, அப்பக்கத்து விகிதமே பொருந்தும். பணமும் பட்டியலும் செப்டம்பர் 22க்கு முந்தையவை என்றால் பழைய விகிதம். பணத்துக்கு ரசீது மட்டும் தந்து, தங்கிய பின் பட்டியல் வழங்கினால் புதிய விகிதம். விகிதம் மாறிய நாளிலிருந்து நான்கு வேலைநாள்கள் கழித்துப் பணம் வங்கியில் வரவானால், பேரேடு எதைச் சொன்னாலும் வங்கியில் வரவான நாளே பணம் வந்த நாளாகும். இம்மூன்று தேதிகளையும் தனித்தனியே குறித்து வைத்தவருக்கு இது சில நிமிடக் கணக்கு; குறிக்காதவருக்குப் பெருங்குழப்பம்.

பதிவு வரம்பிலும் விழிப்பு வேண்டும். பொருள்களை மட்டும் விற்பவருக்குக் கேரளத்தில் ஆண்டு வரம்பு ரூ.40 இலட்சம்; சேவை வழங்குபவருக்கு ரூ.20 இலட்சம். ரூ.25 இலட்சம் விற்பனையுள்ள மிளகுக் கடைக்காரர் தம் வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினால், ஒரே பான் எண்ணின்கீழ் இரு வரவுகளும் ஒன்றாகவே கூட்டப்படும். அவர் பதிவு செய்தாக வேண்டும். புதிய தொழில் தொடங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

ஆகவே நாங்கள் வலியுறுத்துபவை நான்கு. வணிக வரவுசெலவையும் குடும்ப வரவுசெலவையும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்க வேண்டாம். வரியாகப் பெறும் தொகை நமது வருவாய் அன்று. அதை அன்றாடம் தனிக்கணக்குக்கு மாற்றுக. விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும், வாங்கும் பொருள்களின் வரியையும் சேர்த்து விலையை மீண்டும் கணக்கிடுக. முன்பணம் பெறும்போதே, வரி மாறினால் யார் ஏற்பது என்பதை எழுத்தில் தெளிவாக்குக.

அரசிடம் கேட்பதற்கும் நியாயம் உண்டு. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2025 ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஆயத்தமாகப் பல மாதங்கள் கிடைத்தன. விடுதி அறையின் வரி மாற்றத்துக்குக் கிடைத்தவை 19 நாள்கள். கல்லாற்றில் இரண்டு அறைகள் வைத்திருப்பவருக்கும் அவருடைய மொழியில் விளக்கமும் போதிய கால அவகாசமும் தேவை. அவை கிடைக்கும் நாள்வரை நம் கையில் இருப்பது நம் கணக்கேடு மட்டுமே. அதை அன்றன்றே எழுதுவோம்.