பாட்டி எழுந்து நிற்கட்டும்

தமிழில் 'இடுப்பு' என்பது மிகவும் தாராளமான ஒரு சொல். ஒட்டியாணம் பூட்டும் இடமும் இடுப்புத்தான். குழந்தையைத் தூக்கி வைத்துக் கொள்ளும் இடமும் இடுப்புத்தான். குனிந்து நிமிரும்போது முதுகின் அடியில் பிடித்துக் கொள்கிறதே, அதற்கும் இடுப்பு வலி என்றே பெயர். இந்தத் தாராளத்தால் கவிகளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வைத்தியருக்குத்தான் சங்கடம். "இடுப்பில் வலி" என்று சொல்லிக் கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நோவு இருக்குமிடம் முதுகெலும்பாக இருக்கும். உண்மையான இடுப்பு மூட்டோ இன்னும் கீழே, இன்னும் ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்தில் பொருந்திச் சுழலுகிறது. அந்த இடம் தொடையிடுக்குக்கு நேர் பின்னால் அமைந்திருக்கிறது. ஆகையால் அந்த மூட்டுக்குக் கேடு வந்தால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில்தான் தெரியும். சில சமயம் முழங்காலில் கூடத் தெரியும். ஏனெனில் இரண்டு மூட்டுக்கும் கிளை விடுகிற நரம்பு ஒன்று உண்டு.

இந்தப் பூகோள பாடம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டில் எழுபது எண்பது வயதான பாட்டி ஒருத்தி குளிக்கும் அறையில் வழுக்கி விழுகிறாள். பெரிய வீழ்ச்சி ஒன்றுமில்லை. நின்ற நிலையிலிருந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள், அவ்வளவுதான். வயோதிகத்தில் எலும்பு துளைவிழுந்து இலேசாகிப் போயிருக்கும். ஆகையால் பந்துக்கும் தொடை எலும்பின் தண்டுக்கும் இடையிலுள்ள கழுத்து முறிந்து போக அந்த வீழ்ச்சியே போதும். முறிந்த எலும்பு விலகிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. கால் குட்டையாகிவிடும், பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடக்கும், காலைத் தூக்க முடியாது. ஆனால் சிலருக்கு முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொண்டு நிற்கும். அவர்கள் எழுந்து நடக்கவும் நடப்பார்கள்! "தொடை இடுக்கிலே ஏதோ சதைப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக் கொண்டு நாலைந்து நாள் சமையலறைக்கும் போய் வருவார்கள். பிறகு ஒரு நாள் அந்தச் செருகல் நழுவும். நடந்தவள் அப்படியே உட்கார்ந்து விடுவாள். ஆகவே, விழுந்த வயோதிகருக்குக் காலை ஊன்றும்போது தொடையிடுக்கில் வலி என்றால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வரையில் அதை முறிவென்றே வைத்துக் கொள்ள வேண்டும். உருவுவதும் நீவுவதும் கூடாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நின்றபாடில்லை என்றால், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. முதல் படத்துக்குத் தப்பிவிடும் முறிவுகளும் உண்டு.

எலும்பு கட்டும் பரம்பரை வைத்தியர்கள் நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். ஆந்திர தேசத்துப் புத்தூரின் கட்டு தமிழ்நாட்டு வீடுகளிலும் பிரசித்தமானது. மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் போட்டுக் குணமானவர்கள் கட்டின் பெருமையைச் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் இடுப்பு மூட்டின் சங்கதி வேறு. அவ்வளவு ஆழத்திலுள்ள எலும்பை வெளியிலிருந்து எந்தக் கட்டும் அசையாமல் பிடித்து நிறுத்த முடியாது. அது மட்டுமல்ல, அந்தப் பந்துக்கு ரத்தம் போய்ச் சேருவது பெரும்பாலும் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்களின் வழியாகத்தான். கழுத்து முறிந்து விலகும்போது அந்தக் குழாய்களும் அறுந்து போகின்றன. ரத்தமில்லாத எலும்பு எப்படிக் கூடும்? கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே எலும்பு கூடும். ஆனால் அதற்கும் கட்டை நம்பினால் வாரக்கணக்கில் படுக்கையிலே கிடக்க வேண்டும்.

அந்தப் படுக்கைதான் இதிலே கொடியது. வீட்டார் பாட்டியைப் படுக்க வைப்பது இரக்கத்தினால். அதை யார் மறுக்க முடியும்? ஆனால் படுத்தே கிடக்கும் வயோதிகருக்கு நுரையீரலில் சளி தேங்கி ஜுரம் வருகிறது. கால் நரம்புகளில் ரத்தம் உறைகிறது. முதுகிலும் குதிகாலிலும் புண் உண்டாகிறது. மூத்திரத்தில் கிருமி சேர்கிறது. புத்தி தடுமாறி, பெற்ற பிள்ளையையே "யாரப்பா நீ?" என்று கேட்கிறார்கள். 2007-ஆம் வருஷம் அமெரிக்காவில் நோய் நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்க வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்து போயிருந்தது! எலும்பு முறியாதவர்களுக்கே இந்தக் கதி. இடுப்பு முறிந்த வயோதிகரில் நூற்றுக்கு இருபது முப்பது பேர் ஒரு வருஷத்துக்குள் இறந்து போகிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட கணக்கு. முறிந்த எலும்பு நேராக யாரையும் கொல்வதில்லை. அதற்கு முன்பே இருந்த வியாதிகள் ஒரு பங்கு. படுக்கை ஒரு பங்கு.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமுமல்ல. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற பெரிய சர்ஜன் இருந்தார். 1822-இல் மூட்டுக்களின் முறிவையும் பிசகையும் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மூட்டுறைக்கு உள்ளே முறிந்த கழுத்து எலும்பால் கூடுவதில்லை என்று கண்டு, அதற்காக நோயாளியை மாதக்கணக்கில் கட்டிப் போடுவது வீண் என்று தீர்மானித்தார். சுமார் இரண்டு வாரத்தில் வலி தணிந்ததும் கட்டைக் கோலைக் கொடுத்து எழுப்பி விடுவதே அவருடைய முறை. கால் நொண்டினாலும் உயிர் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் அதைவிடச் சிறந்த யோசனை இருந்திருக்க முடியாதென்றே தோன்றுகிறது.

பிறகு காலம் மாறிற்று. 1931-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்மித்-பீட்டர்சன், மூன்று சிறகுள்ள எஃகு ஆணியை முறிந்த கழுத்தில் அடித்து இறுக்கும் முறையைப் பிரசுரித்தார். 1940-இல் ஆஸ்டின் மூர் என்ற சர்ஜன் தொடை எலும்பின் மேல்பாகத்தையே எடுத்துவிட்டு உலோகத்தால் செய்ததைப் பொருத்தினார். இன்று விலகாத முறிவுக்குத் திருகாணி. விலகிய கழுத்துக்குச் செயற்கைப் பந்து, அல்லது பந்தும் கிண்ணமும் சேர்த்து. கழுத்துக்குக் கீழே முறிந்தால் தகடோ நீண்ட ஆணியோ. இவற்றின் நோக்கம் எலும்பைச் சேர்ப்பது மட்டுமல்ல, நோயாளியை உடனே நிற்க வைப்பதுமாகும். இதை வீட்டார் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

"இந்த வயசிலே கத்தி வைக்கலாமா?" என்ற கேள்வி தவறாமல் எழும். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை வந்து சேரட்டும் என்பார் ஒருவர். அஷ்டமி, நவமி கழியட்டும் என்பார் இன்னொருவர். இங்கிலாந்தில் 2011-இல் வகுத்த நெறிப்படி, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் ஆகிவிட வேண்டும். இன்னும் அவசரப்பட்டால் இன்னும் நல்லதோ என்று 17 நாடுகளில் 2970 நோயாளிகளை வைத்துப் பரிசோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு முறிவு தெரிந்ததிலிருந்து சுமார் 6 மணி நேரத்திலும், மற்றவர்களுக்குச் சுமார் 24 மணி நேரத்திலும் ஆபரேஷன் நடந்தது. இறந்தவர்களின் தொகையில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்குச் சித்தப் பிரமை குறைவாக இருந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்தும் நின்றார்கள். ஆகவே இருதயத்தையும் ரத்தத்தையும் சோதிக்க வைத்தியர் சில மணி நேரம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. பிள்ளைக்காகவும் பஞ்சாங்கத்துக்காகவும் நாட்களைக் கடத்துவதுதான் தப்பு. காத்திருக்கும் நேரத்திலும் பாட்டி வேதனைப்பட வேண்டுமென்பதில்லை. தொடையிடுக்கிலே ஓர் ஊசி போட்டு அந்த நரம்புகளை மரக்கச் செய்யும் முறை இருக்கிறது, கேட்டுப் பெறலாம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் நடப்பதைப் பார்த்துத்தான் பந்துக்கள் கலங்கிப் போகிறார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர் வந்து, பாட்டியைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்த்தி, வாக்கரைப் பிடித்துக் கொண்டு நிற்கச் சொல்கிறார். "ஐயோ, நேற்றுத்தானே தையல் போட்டார்கள்!" என்று மகள் அழுகிறாள். "வேண்டாம் அம்மா, நீங்கள் படுத்துக் கொள்ளுங்கள்" என்கிறாள் மருமகள். (மாமியாரிடத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் இந்தப் பரிவு இப்படி அகாலத்திலா வந்து வாய்க்க வேண்டும்!) பொருத்திய உலோகம் பாட்டியின் பாரத்தைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. குறிப்பாக வேண்டாமென்று சர்ஜன் சொல்லியிருந்தாலொழிய, காலை ஊன்றுவதில் கேடில்லை. வலி இருக்கும், வலி மருந்தை எழுவதற்கு அரை மணி முன்னதாகக் கொடுத்துவிட்டு எழுப்ப வேண்டும்.

அடுத்தது கைத்தடி. வாக்கரை விட்டுத் தடிக்கு வரும்போது பல வீடுகளில் நோயுள்ள காலின் பக்கத்திலேயே தடியைக் கொடுக்கிறார்கள். அது பிசகு, எதிர்ப்பக்கத்துக் கையில் கொடுக்க வேண்டும். காரணம் ரஸமானது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பு ஒரு காலில் நிற்கிறது. அப்போது இடுப்பெலும்பு, ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் உள்ள துலாக்கோலைப் போல அந்தப் பந்தின்மேல் ஆடுகிறது. நீண்ட பக்கத்தில் உடம்பின் பாரம். குறுகிய பக்கத்தில் இடுப்பின் பக்கச் சதை. குறுகிய பக்கத்திலிருந்து சமன் செய்ய வேண்டியிருப்பதால் அந்தச் சதை உடம்பின் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. பாரமும் இழுப்பும் சேர்ந்து பந்தை அழுத்துகின்றன. சாதாரண நடையில் மூட்டின் மேல் ஏறுவது உடம்பின் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 50 கிலோ பாட்டிக்கு அது 120 கிலோவுக்கு மேல்! எதிர்க்கையில் தடி ஊன்றினால், துலாக்கோலின் நீண்ட பக்கத்தை அந்தத் தடி கீழிருந்து தூக்கிக் கொடுக்கிறது. சதைக்கு இழுப்புக் குறைகிறது. பந்துக்கு அழுத்தம் குறைகிறது. 1956-இல் வால்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க சர்ஜன், கைத்தடியை எறிந்து விடாதீர்கள் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். தடி பிடிப்பதற்கு வெட்கப்படும் தாத்தாக்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுள்ள காலும் தடியும் முதலில். வலது காலை எடுத்து வைக்கும் சாஸ்திரத்தைச் சில மாதம் ஒத்தி வைக்க நேர்ந்தால் பாதகமில்லை.

செயற்கைப் பந்து பொருத்தியவர்களுக்கு நம் வீட்டு வழக்கங்கள் சிலவற்றால் ஆபத்து உண்டு. தரையில் சம்மணமிடுவது, மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, குந்தி உட்காரும் கக்கூஸ், குனிந்து கோலம் போடுவது ஆகியவற்றில் இடுப்பு அளவுக்கு மீறி மடங்கி, பந்து கிண்ணத்தை விட்டு நழுவக் கூடும். முதல் சில மாதங்களுக்கு இந்த அபாயம் அதிகம். எது கூடும், எது கூடாது, எத்தனை நாளைக்கு என்பது சர்ஜன் மூட்டைத் திறந்த வழியைப் பொறுத்தது. வீடு திரும்பும் முன்பே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். உயரமான நாற்காலியும் உயரமான கக்கூஸ் பீடமும் அதற்குள் தயாராக இருக்கட்டும்.

தையல் பிரித்தவுடன் சிகிச்சை முடிந்து விட்டதாக எண்ணுவது பெரும்பான்மையான வீடுகளின் வழக்கம். சதை திரும்புவதற்கு மாதங்கள் ஆகும். பாஸ்டன் பக்கத்தில், வழக்கமான பயிற்சி முடிந்த நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே ஆறு மாதம் அப்பியாசம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது போன்ற சாதாரணக் காரியங்கள்தாம். 2014-இல் வெளியான முடிவின்படி மற்றவர்களைவிட அவர்கள் ஓரளவு நன்றாக நடமாடினார்கள். நம் வீட்டிலும் செய்யலாம். படுக்கையில் இருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடைச் சதையை இறுக்குவது. நிற்க வந்த பிறகு கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. நாலு தடவையில் ஆரம்பித்துப் பத்துக்குக் கொண்டு போகலாம். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். ஆனால் தூக்கி விடக் கூடாது.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு பக்கம் முறிந்த எலும்பின் பலவீனம் மறுபக்கத்திலும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை இடுப்பு முறிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், புதிய முறிவுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்று 2007-இல் வெளியான ஆராய்ச்சி கண்டது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா, டி வைட்டமின் போதுமா என்று பார்த்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் ஆபரேஷன் சீட்டைப் பத்திரப்படுத்துகிறார்களே தவிர, இந்த மருந்தைப் பற்றி விசாரிப்பவர் இல்லை.