மீன் எல்லோருக்கும் வேணும், மீன் வெடுக்கு ஒருத்தருக்கும் வேணாம்



கொஞ்சம் நீளமான பதிவு. கரையோரப் பாடசாலைகளில் படிப்பிக்கும் சக ஆசிரியர்களும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் உம்மா வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகளின் உடம்பில் வரும் வாடையைப் பற்றி நாம் கதைக்கும் விதம் பிழை. அதைப் போக்கச் சொல்லிக் கொடுக்கும் வழியும் பெரும்பாலும் பிழை. இரண்டையும் ஒன்றாகத்தான் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், கிண்ணியா, மூதூர் என்று நமது கரையோர ஊர்கள் எதை எடுத்தாலும் காலையில் மீன் கரைக்கு வரும். வாப்பா வலை இழுத்து வந்திருப்பார். உம்மா இறால் உடைப்பார், கருவாட்டுக்கு மீன் வெட்டுவார். வீட்டில் மூத்த பிள்ளை பக்கத்தில் குந்தி ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வெளிக்கிடும். வெள்ளை உடுப்புப் போட்டு, தலை சீவி, பர்தா கட்டி வந்தாலும் விரல் நுனியில் அந்த வெடுக்கு இருக்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை மூக்கைப் பொத்தும். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை சிரிக்கும். இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளை கடைசி வாங்குக்குப் போய்விடும். இரண்டு மாதத்தில் வரவு இடாப்பில் கோடுகள் கூடும். காரணம் கேட்டால் "வயித்து வலி" என்று கடிதம் வரும்.

தரம் 8 இல் இப்படி ஒதுங்கி இருந்த ஒரு பிள்ளையிடம் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தேன். அவள் சொன்னது: "டீச்சர், நான் மூணு தரம் சவுக்காரம் போட்டுத்தான் கழுவினன். போகுதில்ல."

அந்தப் பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. துப்பரவுக் குறைவும் இல்லை. மூன்று தரம் கழுவியும் போகாததற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் இருக்கிறது.

கடல் மீனின் தசையில் டிரைமெத்தைலமின் ஒக்சைட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் உயிர் வாழ அது மீனுக்கு உதவுகிறது. அதற்கு வாடை இல்லை. மீன் செத்த பிறகு பக்டீரியாக்கள் அதை டிரைமெத்தைலமின் ஆக மாற்றுகின்றன. நாம் வெடுக்கு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மிகச் சிறிய அளவு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும்.

இந்த டிரைமெத்தைலமின் ஒரு காரம். நாம் பாவிக்கிற கட்டிச் சவர்க்காரமும் காரம். அதன் pH பெறுமானம் 9 முதல் 10 வரை வரும். சவர்க்காரம் மீன் கொழுப்பை எடுக்கும், அழுக்கை எடுக்கும். ஆனால் காரமான வாடையைக் காரத்தால் கட்டிப்போட முடியாது. அமிலம் பட்டால்தான் அது உப்பாக மாறும். உப்பாக மாறினால் காற்றில் எழும்பாது, தண்ணீரில் கரைந்து போய்விடும்.

இதை நம் உம்மாமார் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள். மீனுக்குப் புளி விட்டுக் கழுவுவதும், தேசிக்காய் பிழிவதும், கொறுக்காய் போட்டு ஆக்குவதும் ருசிக்கு மட்டும் இல்லை. வெடுக்கை அடக்கவும்தான். சட்டியில் செய்வதைக் கையில் செய்ய மறந்துவிட்டோம்.

கனிஷ்ட வகுப்புகளிலேயே அமிலம், காரம், பாசிச்சாயத்தாள் எல்லாம் படிப்பிக்கிறோம். நீலம் சிவப்பாகும், சிவப்பு நீலமாகும் என்று பிள்ளைகள் பாடமாக்கி எழுதுகிறார்கள். அதே வகுப்பில் ஒரு பிள்ளை தன் கையை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு இருக்கிறது. அந்தக் கைக்குப் பதில் அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. நாம் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதில்லை.

அதற்குப் பதிலாக என்ன சொல்கிறோம்? "சென்ட் அடிச்சிட்டு வா" என்கிறோம். பெற்றோரும் கடனுக்காவது ஒரு பொடி ஸ்பிறே வாங்கிக் கொடுக்கிறார்கள். வெடுக்கின் மேல் மல்லிகைப்பூ மணத்தை ஏற்றினால் வருவது மல்லிகைப்பூ வெடுக்கு. வெயில் ஏறி வியர்த்ததும் அது முன்பிருந்ததை விட மோசமாகும். இழுப்பு இருக்கிற பிள்ளைகளுக்கு வாசனை ஸ்பிறே மூச்சுத் திணறலைக் கொண்டு வரலாம். தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சொறியும் தடிப்பும் வரும். ஆகவே நான் வாசனையே இல்லாத வழிகளைத்தான் சொல்கிறேன். இஹ்ராம் கட்டிய ஹாஜிகள் வாசனை பூசாமலேயே அத்தனை வெயிலிலும் சனத்திலும் துப்பரவாக இருந்துவிட்டு வருகிறார்கள். துப்பரவு வேறு, வாசனை வேறு என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, வாடைக்கு வாடை வழி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை.

மீன், இறால், கணவாய் வாடைக்கு: முதலில் பச்சைத் தண்ணீரில் செதிலும் வழுவழுப்பும் போகக் கழுவுங்கள். பிறகு வாசனை இல்லாத சவர்க்காரத்தால் ஒரு தரம், கொழுப்புப் போவதற்கு. கடைசியில் கறிக்குக் கரைத்து மிஞ்சிய புளிச் சக்கையைக் கையில் எடுத்து ஓரிரு நிமிடம் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். புளி கடைசியில் வர வேண்டும் என்பது முக்கியம். புளி போட்ட கையில் திரும்பவும் சவர்க்காரம் போட்டால், மிச்சம் இருக்கிற வாடை மறுபடி எழும்பும். புளி இல்லாவிட்டால் வினாகிரி ஒரு கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கலந்து பாவிக்கலாம். புண், வெட்டுக்காயம் இருந்தால் எதுவும் போட வேண்டாம், எரியும்.

மண்ணெண்ணெய், டீசல் வாடைக்கு: எஞ்சின் வேலைக்கு வாப்பாவோடு போகிற பையன்களுக்கு இது பெரிய பிரச்சினை. இதற்குப் புளி சரிவராது. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசி நன்றாகத் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட்டு, கடலை மா அல்லது அரிசி மா போட்டு உரசி எடுங்கள். பிறகு சவர்க்காரம். துடைத்த துணியை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம்.

உள்ளி, வெங்காய வாடைக்கு: அது கந்தகம் சேர்ந்த பொருட்களால் வருவது. உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் கையில் குறையும். ஆனால் தின்ற உள்ளியின் வாடை இரத்தத்தில் கலந்து மூச்சிலும் வியர்வையிலும் வெளிவரும். அதைக் கழுவ முடியாது. நேரம் போக வேண்டும்.

வியர்வை வாடைக்கு: வியர்வைக்கு என்று சொந்தமாகப் பெரிய வாடை இல்லை. பருவ வயதில் அக்குளில் ஒரு வகைச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கும். அது சுரப்பதைத் தோலில் வாழும் பக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. கழுவி, ஈரம் இல்லாமல் துடைப்பதே முதல் மருந்து. பிறகு படிகாரம், சில ஊர்களில் சீனாக்காரம் என்பார்கள், சலூனில் சவரம் செய்த பின் தடவுவார்களே அதே கட்டி. அதை நனைத்து லேசாகத் தடவலாம். விலையும் குறைவு, மணமும் இல்லை.

சப்பாத்துக் கால் வாடைக்கு: இது அமில வகை வாடை. இதற்குத்தான் அப்பச்சோடா. அதையும் காலில் போட்டுத் தேய்க்காமல் இரவில் சப்பாத்துக்குள் தூவி வைத்துக் காலையில் தட்டிவிடுங்கள். காலுறையை ஒவ்வொரு நாளும் தோய்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இயற்கை என்றால் ஒன்றும் செய்யாது" என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். தேசிக்காயை வெட்டி உடம்பில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். தேசிக்காயில், அதுவும் தோலில், இருக்கிற சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, கொப்புளம் வந்து, பிறகு கறுத்த அடையாளம் கிழமைக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் நிற்கும். நமது வெயிலுக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. நான் தேசிக்காயை விட்டுப் புளியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அப்பச்சோடாவை அக்குளில் பூசி வைப்பதும் அப்படித்தான். மனிதத் தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை உடையது, pH ஏறத்தாழ 5. அதில் காரத்தை அப்பிக்கொண்டே இருந்தால் தோல் வெந்து போகும்.

இனி உடுப்பு. கை எவ்வளவு கழுவினாலும், கருவாடு காய்கிற முற்றத்துக்குப் பக்கத்தில் பாடசாலை உடுப்பைக் காயப் போட்டால் பலன் இல்லை. அடுப்படியிலும் தொங்கவிட வேண்டாம். மீன் வேலைக்கு ஒரு பழைய சட்டை, தலைக்கு ஒரு துணி. வேலை முடிந்து கழுவிய பிறகே வெள்ளை உடுப்பு.

சில ஆசிரியர்கள் என்னிடம் சொல்வார்கள்: "டீச்சர், நீங்க சொல்றது சரி. ஆனா வகுப்பில 40 பிள்ளை. பேன் இல்ல. மத்தப் பிள்ளைகளும் இருக்க வேணுமே." நியாயமான பேச்சு. வாடையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பதை இல்லை என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவியும் இல்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும், அவருக்கே தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். எங்கே, எப்படிச் சொல்வது என்பதில்தான் ஆசிரியர் என்ற தகுதி இருக்கிறது. 40 பேருக்கு முன்னால் "யாரில இருந்து வருது இது?" என்று கேட்பதும், இடைவேளையில் தனியாக அழைத்து "மகள், புளிச் சக்கை போட்டுப் பாருங்க, சவுக்காரத்துக்கு இது போகாது" என்று சொல்வதும் ஒன்றில்லை.

உள்ளி தின்றுவிட்டுப் பள்ளிக்கு வரவேண்டாம் என்ற ஹதீஸைக் காட்டி, வாடையோடு வருபவரை ஒதுக்குவது மார்க்கம்தானே என்று வாதிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளி தின்பது ஒருவரின் விருப்பம். உழைப்பு அப்படி இல்லை. தூரத்தில் இருந்து புழுதியோடும் வியர்வையோடும் ஜும்ஆவுக்கு வந்த உழைப்பாளிகளைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியும் நம்மிடம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அவர்களை வராதீர்கள் என்று சொல்லவில்லை. இந்த நாளுக்காகத் துப்பரவாகி வரலாமே என்று வழிதான் காட்டினார்கள். ஒதுக்காமல் வழி காட்டுவதுதான் அதில் எனக்குத் தெரியும் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வாடையும் கழுவினால் போகாது. டிரைமெத்தைலமினூரியா என்று ஓர் அரிதான பரம்பரை நிலை உண்டு. மீனைத் தொடாமலேயே மூச்சிலும் வியர்வையிலும் மீன் வெடுக்கு வரும். உடலால் அந்தப் பொருளை உடைக்க முடியாததே காரணம். மூச்சில் பழுத்த பழம் போன்ற மணம் வந்து, பிள்ளை களைத்து, அடிக்கடி தண்ணீர் குடித்தால் அது நீரிழிவின் ஆபத்தான கட்டமாக இருக்கலாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். திட்டுகிற ஆசிரியருக்கு இது தெரிய வராது. கிட்டப் போய்க் கதைக்கிற ஆசிரியருக்குத்தான் தெரிய வரும்.

அதிபர்மாரிடமும் பாடசாலை அபிவிருத்திக் குழுவினரிடமும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாப் பந்தலுக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் எடுத்து, கேட்டுக்குக் கிட்ட ஒரு தண்ணீர்க் குழாயும், வாசனை இல்லாத சவர்க்காரமும், ஒரு போத்தல் புளிக் கரைசலும் வையுங்கள். மணி அடிக்க முந்திப் பத்து நிமிடம் அது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகத் திறந்திருக்கட்டும். மீன்காரர் பிள்ளைக்கு மட்டும் என்று சொன்னால் ஒரு பிள்ளையும் கிட்டப் போகாது. விஞ்ஞான ஆசிரியர்கள் அந்தப் போத்தலை வைத்தே அமிலம், காரம் பாடத்தைத் தொடங்கலாம். பாசிச்சாயத்தாளை மறக்க மாட்டார்கள்.

கடைசியாக. வெள்ளிக்கிழமைச் சோற்றுக்குப் பாரை மீன் இல்லாவிட்டால் முகம் சுளிக்கிற ஊர் நமது ஊர். அந்த மீனைக் கொண்டு வந்தவரின் மகள் வகுப்புக்குள் வந்தால் அதே முகம் சுளிக்கிறது. மீன் வெடுக்குக்குப் புளி போதும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். நம் முகச் சுளிப்பை எடுப்பதற்குத்தான் நாள் செல்லும். அதை முதலில் ஆசிரியர் அறையில் இருந்து தொடங்குவோம்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் பாவித்துப் பலன் கண்ட, மணமில்லாத வழி ஏதும் இருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளிடம் சேர்த்துவிடுகிறேன். எந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் மட்டும் தயவுசெய்து போட வேண்டாம்.