பம்புக்கு மேடு தெரியுமா?

கம்பத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு பழைய டீசல் ஜீப் கிளம்பாமல் செல்ஃப் மட்டும் சுற்றினால், பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “பம்ப் போச்சு.” நாசிலுக்கு டீசலை அமுக்கி அனுப்பும் பம்பைத்தான் சொல்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகத் தூக்குவாளியோடு காத்திருக்கும் அக்காமாரும் அதையேதான் சொல்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வேரோடிப்போன இந்த நம்பிக்கை அளவுக்குக் காசைக் கரைக்கும் மூடநம்பிக்கை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் ஜீப்புக்கும் அதே தீர்ப்புதான். “கழத்திருவோம்ணே” என்றார் மெக்கானிக். நான்கு நாள் கழித்துப் பம்ப் பளபளவென்று திரும்பி வந்தது, வண்டியும் கிளம்பியது. மறுவாரம் குமுளியில் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டுத் தூங்கி எழுந்தால், பழைய கதை. கம்பத்துச் சமதரையில் மட்டும் சமர்த்தாகக் கிளம்பும். பம்புக்கு மேடு பள்ளம் தெரியுமா?

டீசலுக்குத் தெரியும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு வரும் பைப் முனையில் ஒரு செப்பு வாஷர் நசுங்கியிருந்தது. அது உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். மேட்டில் நின்றால் இரவெல்லாம் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். நாசில் ஊசி திறக்கச் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். பைப்பில் காற்று இருந்தால் பம்ப் அமுக்குவதையெல்லாம் அது பஞ்சுபோல் வாங்கிக்கொள்ளும்.

பம்பைச் சரிசெய்ததும் கிளம்பியதே என்பீர்கள். பம்பைத் திரும்பப் பூட்டினால் ஏர் எடுத்தே ஆக வேண்டும். குணமாக்கியது அந்த ஏர் எடுத்ததுதான். பேர் வாங்கியது பம்ப் வேலை. இப்படித்தான் இந்த நம்பிக்கை வருஷாவருஷம் புதுசாகிறது.

பம்ப் கெடாதா? கெடும். ஆனால் தேய்ந்த பம்ப் பெரும்பாலும் தலைகீழாக அடம்பிடிக்கும். காலையில் கிளம்பும், டீக்கடையில் சூடாக நிறுத்தினால் கிளம்பாது. சூட்டில் இளகிய டீசல் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும்.

முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி சைலன்சர். செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை: ஸ்டாப் கேபிள், ஃபில்டர், காற்று, டேங்க் (சிரிக்காதீர்கள், கேஜ் பொய் சொல்லும்). வெள்ளைப்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, நெருக்கிய காற்றின் சூடுதான் பற்றவைக்கிறது. ஆகவே ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், மந்தமாகச் சுற்றவைக்கும் பேட்டரி. காமன் ரெயில் வண்டிகளில் மட்டும், டீசல் வருகிறதா என்று பைப் நட்டை இளக்கிப் பார்க்காதீர்கள். அவற்றின் பைப்பில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைக்கும்.

புது வாஷர் போட்டு, ஃபில்டர் மேல் ஏர் ஸ்க்ரூவை இளக்கி, கையால் ஃபீட் பம்பை அமுக்கினோம். நுரை வந்தது, பொக்குப் பொக்கென்று குமிழ் வந்தது, பிறகு சுத்தமான டீசல். செல்ஃப் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கையைத் துடைத்தபடி சொன்னார்: “பம்பும் நல்லா இருக்குல்லண்ணே, அதான் டக்குனு பிடிக்குது.”