நிறை சரி என்றால் பிள்ளை சரியா?

தோட்டத்தில் தராசுக்குக் குறைவில்லை. மலையில் கொழுந்தை நிறுக்கிறார்கள். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கிறார்கள். நிறை ஏறியிருந்தால் "ஒரு குறையும் இல்லை" என்று தாயை அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

சுகாதார அமைச்சு ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மட்டும் இல்லை. எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்றும் அதில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நிரப்புவதும் நிரப்பச் சொல்வதும் நமது உரிமை.

தோழர்களே, இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதாகியும் மழலை பேசாத, கையசைத்தோ விரல் நீட்டியோ காட்டாத பிள்ளை. ஒன்றரை வயதாகியும் நடக்காத, ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளை. இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை. கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை. இவர்களை உடனே காட்ட வேண்டும். பேசிய பிள்ளை பேச்சை இழந்தால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இந்த அறிகுறி இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. சோதிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். கேளாத பிள்ளை எப்படிப் பேசும்?

"இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று காத்திருப்பதை நாம் நிறுத்த வேண்டும். தாயத்துக் கட்டுவதால் வருடம்தான் போகும். பிள்ளையை "ஊமை" என்று லயத்தில் கூப்பிடுவதை இன்றோடு விடுவோம். தாயைக் குறை சொல்வதையும் விடுவோம். ஆட்டிசத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை. தாய் வேலைக்குப் போனதும் காரணமில்லை. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடிப்பதைவிட இரண்டு வயதில் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கினால், பிள்ளைக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

ஆனால் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் கட்டுவதை நாம் ஏற்க மாட்டோம். பகல் முழுதும் அவள் மலையில், பிள்ளை பிள்ளைக்காம்பராவில். நாலெழுத்துப் பேசுகிறதா என்று பார்க்க அவளுக்கு மிஞ்சுவது விளக்கு வைத்த பிறகு கிடைக்கும் நேரம்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். ஒரு தடவையில் முடிகிற காரியமா இது? மாதக்கணக்கில் அலைய வேண்டும். நாட்சம்பளத்தை வெட்டிவிட்டு "ஏன் முன்னமே கொண்டுவரவில்லை?" என்று கேட்பது எந்த நியாயம்?

நிர்வாகங்களிடமும் அரசிடமும் நாம் கேட்பது மூன்று. பிள்ளையைச் சோதனைக்குக் கொண்டுபோகும் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். பிள்ளைக்காம்பரா ஊழியருக்கு இந்த அறிகுறிகளை அறியும் பயிற்சியும், அறிந்ததைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லும் அதிகாரமும் வேண்டும். மலையக மாவட்ட ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். தமிழ்ப் பிள்ளையின் பேச்சைத் தமிழ் தெரியாதவர் எப்படி அளப்பார்?

1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை வருடக்கணக்கில் போராடினோம். அந்தப் போராட்டத்தில் சம்பளம் பிந்தியது, பிந்தியாவது வந்தது. பிள்ளையின் முதல் மூன்று வருடம் அப்படித் திரும்பி வராது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றி, துரையின் மேசையில் வைக்கட்டும்.