மொழி நெய்யும் மனம்

மனிதனுக்கு முதலில் வாய்ப்பது சிந்தனையா, சொல்லா? உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுத்துக் காட்டும் கருவியே மொழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் சங்கரன்கோவில் தறிக்கூடங்களைப் பாருங்கள். நூல் எவ்வளவு குவிந்திருந்தாலும் தறி இல்லையேல் துணி இல்லை. எண்ணங்களை நெய்து தரும் தறியாக மொழி விளங்குகிறது. ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்களைக் கற்றுக்கொடுத்த செய்தியைத் திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயத்தில் ஓதி வரும் நமக்கு இக்கருத்து புதியதன்று.

ஒரு மொழி உருவாகி வளரும்போது மனித மனத்தில் என்ன நிகழ்கிறது? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நாம் சென்று காண இயலாது. ஆயினும் நம் காலத்திலேயே ஒரு மொழி பிறந்திருக்கிறது. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் காது கேளாத பிள்ளைகள் நெடுங்காலம் அவரவர் வீட்டிலேயே ஒடுங்கிக் கிடந்தனர். சில சைகைகளால் பசியையும் தாகத்தையும் தெரிவிப்பார்கள்; அவ்வளவே. 1977இல் தலைநகர் மனாகுவாவில் அத்தகையோருக்கான சிறப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. 1980இல் ஒரு தொழிற்பள்ளியும் வந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவைக் கொண்டு ஸ்பானிய மொழியைப் புகட்ட முயன்றனர். அது பெரிதும் பலிக்கவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் சைகைகளைப் பரிமாறிக்கொண்டு ஒரு பொதுவான முறையை உருவாக்கினார்கள். அடுத்து வந்த சின்னஞ்சிறார்கள் அதைக் கற்று, செப்பனிட்டு, முறையான இலக்கணம் உடைய மொழியாகவே வளர்த்துவிட்டனர்.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அம்மொழியைத் தொடங்கி வைத்த மூத்தோரையும் பின்னர் வந்த இளையோரையும் ஒப்பிட்டனர். அவர்கள் நடத்திய சோதனையின் சாரத்தை நம் வீட்டுக் கதையாகச் சொல்லலாம். அண்ணன் தன் பந்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். தம்பி அதை எடுத்து அலமாரியில் ஒளித்துவிடுகிறான். திரும்பி வரும் அண்ணன் எங்கே தேடுவான்? கட்டிலுக்கு அடியில்தான் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். அவனுக்கு உண்மை தெரியாது என்பது நமக்குத் தெரியும். இவ்வகைச் சோதனையில் இளையோர் சிறந்து விளங்க, வயது முதிர்ந்த மூத்தோரில் பெரும்பாலோர் தடுமாறினர். 'நினைக்கிறான்', 'அறிவான்' போன்ற மனச்செயல்களைக் குறிக்கும் சைகைகள் அவர்களிடம் அரிதாகவே இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இளையோருடன் பழகி அச்சைகைகளைக் கற்றிருந்த மூத்தோர் முன்னைவிட நன்றாக விடையளித்தனர். பங்கேற்றோர் சிலரே எனினும் இம்முடிவு சிந்திக்கத்தக்கது. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பிறர் மனத்தை உணர்ந்து பார்ப்பதற்கான சொல்தான் அவர்களுக்கு உரிய காலத்தில் கிட்டவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! இது எங்கோ தொலைதூரத்து நாட்டின் செய்தி என்று கடந்துவிடாதீர்கள். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்து, "இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று ஆறுதல் சொல்லும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த ஆறுதல் பிள்ளையின் பொன்னான காலத்தைத் தின்றுவிடுகிறது. பிறந்த 1 மாதத்திற்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் பயிற்சியைத் தொடங்குதல் என்பதே மருத்துவ வல்லுநர்கள் வகுத்திருக்கும் கால அளவு. அது தவறிப்போயிருந்தாலும், ஐயம் எழுந்த அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காதுக்கருவியும் அறுவை சிகிச்சையும் பல பிள்ளைகளுக்குப் பயன் தரும். ஆனால் அவற்றின் பலனை எதிர்பார்த்து, பிள்ளையை எந்த மொழியும் இன்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது தகாது. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற அச்சம் பழையது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்மொழிப் பயிற்சியே சிறந்தது என்று தீர்மானித்து, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கச் சொன்னது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்தது. நம் நாட்டில் 2015இல் இந்தியச் சைகை மொழிக்கென ஆய்வு, பயிற்சி மையமே டில்லியில் நிறுவப்பட்டது.

நமக்கு அண்மையிலும் வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய அப்பள்ளிக்கு நம் ஊரிலிருந்து பேருந்தில் ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

பிள்ளை மட்டும் கற்றால் போதாது. உம்மாவும் வாப்பாவும் உடன்பிறந்தோரும் அச்சைகைகளைக் கற்க வேண்டும். 'சாப்பிடு', 'வா', 'போ' என்பவற்றோடு நின்றுவிடாமல், 'நினைத்தாயா?', 'மறந்துவிட்டாயா?', 'ஏன் வருந்துகிறாய்?' என்றும் அப்பிள்ளையிடம் கேட்க வேண்டும். 'ஊமை' என்னும் சொல்லை நம் வீட்டு வழக்கிலிருந்தே நீக்கிவிடுவோம். தன் வீட்டார் கைகளிலிருந்து ஒரு மொழியைப் பெறும் பிள்ளை ஊமையாக இருப்பதில்லை.